கோதுமையில் எழுதிய மாமா

டிசம்பர் 28

சரித்திரம் குறித்துக்கொள்ளட்டும். இன்று காலை, அரை மூட்டை யூரியாவைச் சுமந்துபோய் இரண்டு வயல்களிலும் ‘மாமா’ என்று எழுதிவிட்டேன். எழுத்து ஒவ்வொன்றும் நான்கு யானை படுக்கும் நீளம். விழுந்த இடத்தில் பயிர் கரும்பச்சையாகும். விமானங்கள் வேகத்தைக் குறைத்துப் படிக்கும். மேற்கு வயல் மச்சானுடையது, கோதுமைக்குப் பின் கோதுமை. கிழக்கு, அதே அளவு, அவர் மகளுடையது, அதாவது என் மருமகளுடையது. போன முறை கொண்டைக்கடலை, இப்போது கோதுமை. பார்த்ததும் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

டிசம்பர் 30

சாப்பிடும்போது மச்சான், “நாளைக்கு ரெண்டாவது யூரியா” என்றார்.

“என் வயலுக்கு வேணாம்பா. கடலை வேர் முடிச்சுலேயே மண்ணுக்குச் சத்து சேர்ந்திருக்கு. இனி ஒரு பிடிகூடப் போடமாட்டேன்.”

“சரி, பாத்துடலாம். என் வயலவிட ஒரு மூட்டை கொறஞ்சாலும் அடுத்த வருஷம் ரெண்டும் கோதுமைதான். கடலை கிடலைன்னு வாயத் தொறக்கக் கூடாது.”

“சரி” என்றாள் மருமகள்.

ஒரு பிடி கூடாதாம். நான் கால் மூட்டை கொட்டியிருக்கிறேன். மச்சான் வயல் முழுக்கத் தூவினால் என் எழுத்தே மறைந்துவிடும்; அவரிடம் மட்டும், ஒரு பத்து நாள் பொறுக்கச் சொன்னேன். “ஏன்?” என்றார். இடுப்புவலி என்றேன்.

ஜனவரி 3

தண்ணீர் பாய்ந்துவிட்டது. நான் வேரில் இறங்கிக்கொண்டிருக்கிறேன். சொல்லிவிடலாமா? நாளைக்கு.

ஜனவரி 11

“எவன்டா என் வயல்ல கிறுக்குனது?”

மச்சானின் குரல். மேற்கில், வெளிறிய பயிர் நடுவே, நான் பளபளவென்று. தப்ப வழியில்லை.

“உன் வயல்லயும் எழுதிட்டேன் கண்ணு. உன் சோதனைய நானே கெடுத்துட்டேன்” என்றேன் மருமகளிடம்.

அவள் ஓடினாள். பின்னால் நான், மூச்சிரைக்க. கிழக்கு வயல் மூலைக்கு மூலை ஒரே பச்சை. மாமாவைக் காணோம். வரப்பில் குனிந்து, நிமிர்ந்து, ஒற்றைக்கண்ணை மூடிப் பார்த்தும் ஒரு துணைக்கால்கூடத் தெரியவில்லை.

மருமகள் வரப்பிலேயே உட்கார்ந்து சிரித்தாள். “பசியில இருந்தாத்தானே மாமா, சோறு போட்டது தெரியும். என் பயிருக்கு வயிறு நெறஞ்சிருக்கு.”

மச்சான் இரண்டு வயல்களையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு மேற்குக்கு மட்டும் யூரியா எடுத்துப்போனார்.

மார்ச் 19

பலத்த காற்று. கிழக்கில் ஒருவழியாக என் பெயர் தெரிகிறது. அந்த இடத்துக் கோதுமை மட்டும் தின்ற மயக்கத்தில் சாய்ந்து கிடக்கிறது.

“மாமா படுத்துட்டாரு” என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டாள். இரண்டு பேர் நலம் விசாரிக்க வந்தார்கள்.

ஏப்ரல் 22

அறுவடை. நியாயத்துக்காக, இரண்டு வயல்களிலும் என் எழுத்துகளைத் தனியே அறுத்து ஒதுக்கினோம். மேற்கு முப்பத்தொன்பது மூட்டை. கிழக்கு நாற்பத்தொன்று.

நான் ஆடிய ஆட்டத்தில் பூமி ஒரு சுற்று பிந்தியிருக்கும். “புழுதி கெளப்பாதடா” என்றாள் அக்கா.

அக்டோபர் 30

மச்சான் ஒரு மூட்டை விதைக்கடலை வாங்கிவந்து மேற்கு வயல் வரப்பில் இறக்கினார். நாங்கள் வேறெங்கோ பார்த்தோம்.

“எவ்வளவு ஆழத்துல போடணும்?” என்று மகளைக் கேட்டார்.

“நாலு விரக்கடைப்பா.”

அவர் குனிந்து, மண்ணில் விரலை வைத்து அளந்தார்.