பின்கொட்டகையில் பதினொரு மாடுகள்

அன்புள்ள சின்னக்குட்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் உடம்பளவில் சுகம். உன் இருமல் நின்றதா, எழுது. மாடியறை ஒழுகுகிறது, உன் புத்தகங்களைக் கீழே இறக்கி வைத்திருக்கிறேன். பண்ணை மாடுகளின் நலனை ஆய்வு செய்யும் வேலையில் சேரப்போவதாகவும், இனி நீயும் என்னை மாதிரியே என்றும் எழுதியிருந்தாய். பத்து நாளாகப் பதில் எழுத முடியவில்லை.

உன் மாமா மேலாளராக இருக்கும் பால்பண்ணைக்குப் போன வாரம் ஆய்வுக்குப் போனேன். சொந்தத் தம்பி இருக்கும் இடத்துக்கு நான் போயிருக்கவே கூடாது, அது வேறு. வழக்கமாகக் கறவைக்கூடத்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வெளியே வரும் மாடுகளில் எத்தனை நொண்டுகின்றன என்று எண்ணுவேன், நூற்றுக்கு மூன்றோ நான்கோ இருக்கும். ஒன்பது வருடமாக முதல் தரம் கொடுத்திருக்கிறேன். அன்று பஸ் சீக்கிரம் கொண்டுவந்து இறக்கிவிட்டது. பூட்ஸ் கழுவக் குழாய் தேடிப் பின்பக்கம் போனேன். அங்கே ஒரு கொட்டகையில் பதினொரு மாடுகள் சிமென்ட் தரையில் படுத்திருந்தன. குளம்புகள் வெட்டப்படாமல் மேல்நோக்கிச் சுருண்டிருந்தன. ஒன்றுக்கு இடுப்பெலும்பின் மேல் தோலே இல்லை, ஈ மொய்த்தும் அது வாலை அசைக்கவில்லை. பால் கறக்கும் அம்மாள் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தவள், இதுங்க மகாராணிங்க மேடம், வராதுங்க, நாமதான் போகணும் என்று சிரித்தாள். எத்தனை நாளாக என்று கேட்டேன். நான் வேலைக்குச் சேர்ந்ததுலேருந்து இப்படித்தான், உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன் என்றாள். மாமாவிடம் போய்க் கத்தினேன். அவன் நிதானமாக, நீ கேக்கவே இல்லையேக்கா, கொட்டகைக்குப் பூட்டா போட்டு வெச்சேன், வாசல்ல வர்றத எண்ணினாப் போதும்னு ஃபாரத்துல எழுதினது யாரு என்றான். எழுதியவள் நான்தான். அதே படிவம் இன்று முப்பது பண்ணைகளில் ஓடுகிறது.

ஒன்பது வருட மதிப்பெண்களையும் ரத்து செய்யச் சொல்லி அலுவலகத்துக்கு எழுதிவிட்டேன். வருகிற வியாழன் விசாரணை. என் வேலை போகும், மாமாவுடையதும் போகலாம். கூடப் பொறந்தவன் வயித்துல அடிச்சிட்டியே என்றார் அப்பா. பிறகு அவரே, பின்னாடி ஒரு கொட்டகை இருக்கறதே இத்தனை வருஷமா தெரியாதுன்னு சொல்லிடு, யாரு வந்து பார்த்தா என்றார். பதினொன்றில் ஏழு இனி பிழைக்காது என்று மாட்டு டாக்டர் ஊசி போட்டு அவற்றின் உயிரை முடித்தார். நான் பக்கத்தில் நின்றேன். அதனால் எதுவும் நேராகிவிட்டதாகத் தோன்றவில்லை.

அப்பா சொல்வது போல் சொல்ல முடியாது, ஏனென்றால் நீ இருக்கிறாய். எட்டாம் வகுப்பு விடுமுறையில் அந்தப் பண்ணைக்கு என்னோடு வந்தாயே. சுற்றிவிட்டு ஓடிவந்து, பின்னாடி ஒண்ணு எழுந்திருக்கவே மாட்டேங்குதும்மா, அதுக்கு எவ்ளோ மார்க் என்று கேட்டாய். தலை நிமிராமல், வாசலுக்கு வர்றதுக்குத்தான் மார்க் என்றேன். நீயும் சரி என்று போய்விட்டாய். அன்று நான் எழுந்து இருபது அடி நடந்திருக்கலாம்.

நீ வேலையில் சேர். எங்கே போனாலும் மொத்தம் எத்தனை மாடு என்று முதலில் கேட்டுக்கொள், எண்ணி முடித்ததும் குறைகிற மாடுகளைத் தேடிக்கொண்டு போ. என்னை மாதிரி என்று மட்டும் யாரிடமும் சொல்லாதே.

இருமலுக்கு மருந்து வாங்கு. நீ நன்றாக இருக்க வேண்டும், அது ஒன்றுதான் எனக்கு. இந்தக் கடிதத்தைக் கிழிக்காமல் வைத்திரு. வியாழக்கிழமை நான் பயந்து வேறு மாதிரி சொல்லிவிட்டதாகக் கேள்விப்பட்டால், இதை அலுவலகத்துக்கு அனுப்பிவிடு.

அன்புடன்,
அம்மா