அண்ணனுக்கு வைத்த தாடி

பிப்ரவரி 3

கோணல் எழுத்துக்கு மன்னிப்பை யாரிடம் கேட்பது? படிக்கப்போவது நான்தான். என்னிடமே கேட்டுக்கொள்கிறேன். எழுபத்தொரு வயதில் எழுதக் கற்றவன். ஒரு வரி முடிவதற்குள் காபி ஆறிவிடுகிறது. ஆனாலும் என்ன சுகம்.

அண்ணன் சிதெரிஸ் போய் இருபத்துநாலு நாள். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோய், எங்கள் இருவருக்கும். இரவில் மூச்சுக்குக் காற்று ஊதும் மெஷினின் முகமூடியைப் போட மாட்டேன் என்றார். பட்டப்பகலில் வண்டி ஓட்டும்போது கண் சொருகி, பள்ளத்தில். நான் போடுவேன். போட்டே தீருவேன்.

பிப்ரவரி 5

போட்டும் பயனில்லை. துக்கத்துக்கு ஒரு வருடம் தாடி எடுக்காமலிருப்பது எங்கள் கிரீட் தீவு மலையூர் வழக்கம். மூக்கையும் வாயையும் மூடும் முகமூடி தாடியில் படியவில்லை. காற்று கசிந்து கண்ணில் அடிக்கிறது. தூக்கத்திலேயே பிடுங்கி எறிந்துவிடுகிறேன். மூச்சு நின்றால் விலாவில் இடிப்பதற்காக என் மனைவி அர்கிரோ விழித்தே கிடக்கிறாள்.

"பாம்போட படுத்த மாதிரி சீறுதுய்யா," என்றாள்.

பிப்ரவரி 10

மருத்துவமனை. நர்ஸ் எவாந்தியா மெஷினில் பதிந்திருந்ததைப் பார்த்தாள்.

"ராத்திரிக்கு ஒன்றரை மணி நேரம்தான் போட்டிருக்கீங்க, தாத்தா. நாலு மணி நேரமாவது வேணும். மாசக் கடைசியிலயும் இப்படியே இருந்தா மெஷினை வாங்கி வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க. தாடியை எடுத்துடுங்களேன்."

"அது அண்ணனுக்கு வெச்சதும்மா."

திரும்பும் வழியில் அர்கிரோ கேட்டாள்: "செத்தவருக்குத் தாடி. உசுரோட இருக்கிற எனக்கு?"



பிப்ரவரி 11

சவரக்கத்தியை எடுத்தேன். வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 12

மெஷின் பெட்டியில் ஒரு சின்னப் புத்தகம். படித்தவர்களுக்கானது என்று தொடாமலே வைத்திருந்தேன். அட, இப்போது நானும் படித்தவன்தானே! காலை முழுக்க, எழுத்துக்கு எழுத்து விரல் வைத்து. ஒன்பதாம் பக்கத்தில் மூன்று வகை முகமூடி. ஒன்று கன்னத்தையும் தாடையையும் தொடுவதே இல்லை. மூக்குத் துளைகளில் மட்டும் உட்காருகிறது. கீழே: 'தாடி உள்ளவர்களுக்கு ஏற்றது.'

மூன்று தடவை படித்தேன். பிறகு அர்கிரோவுக்குச் சத்தமாக.

பிப்ரவரி 13

புத்தகத்தை எவாந்தியா முன்னால் விரித்து வைத்தேன்.

"ஏம்மா சொல்லல?"

"எல்லாருக்கும் பெரிசையே குடுத்துப் பழகிட்டோம், தாத்தா. தப்பு எங்களோடதுதான்." சின்னதை எடுத்து வந்தாள். "ஆனா வாயை மூடிட்டுத் தூங்கணும். முடியுமா?"

"கோவம் வந்தா நாலு நாள் வாயே திறக்காத மனுஷன்," என்றாள் அர்கிரோ. "அதெல்லாம் முடியும்."

பிப்ரவரி 19

அண்ணனின் நாற்பதாம் நாள். கோவிலில் அவித்த கோதுமை கொடுத்தோம். தாடியோடு நின்றேன். நேற்று இரவு முகமூடி ஐந்து மணி நேரம் முகத்தில் இருந்தது.

மார்ச் 1

நேற்று இரவு ஆறு மணி நேரம் பத்து நிமிடம். மெஷின் என்னிடமே இருக்கும்.

இன்று விழித்தபோது வெயில் ஜன்னலில் ஏறியிருந்தது. பக்கத்தில் அர்கிரோ, வாய் லேசாகத் திறந்து, நல்ல தூக்கம். அவள் தூங்கி நான் பார்த்ததே இல்லை. எழுப்பவில்லை. காபியை நானே போட்டேன்.

அடுத்த ஞாயிறு அண்ணனைப் பற்றி எழுதுவேன். அதற்கு நிறையப் பக்கம் வேண்டும்.