சிப்ஸ் எறிந்து கூப்பிடுகிறார்கள்

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையிலிருந்து மழை. பாறசாலை பஸ்ஸில் நெரிசல், யாரோ ஒருவரின் குடை என் மடியில் ஒழுகியது. சிப்ஸ் கம்பெனியில் ஓணம் ஆர்டர் தொடங்கிவிட்டது. பாக்கிங் ஹாலில் நிற்க இடமில்லை.

புது சூப்பர்வைசர் (இனி சூ.) வந்த நாளிலிருந்து எல்லோருக்கும் மாஸ்க். தின்கிற பொருள், சரிதான். ஆனால் மூன்றாம் வகுப்புக் காய்ச்சலுக்குப் பிறகு நான் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்கிறேன். மலையாள உதடு, தமிழ் உதடு, இரண்டும் பழக்கம். துணியை வாசிக்கத் தெரியாது.

இப்போது என்னைக் கூப்பிட உடைந்த ஏத்தங்காய் (நேந்திரன் வாழை) சிப்ஸ் எடுத்து எறிகிறார்கள். யார் தொடங்கியதோ. இன்று முதுகில், பிடரியில், ஒன்று நேரே காதில். அதுவாவது காதில் விழுந்ததே.

வாங்க: சோப்பு. மைனிக்கு (அண்ணன் மனைவி) தலைவலி மாத்திரை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மழை விட்டது. புழுக்கம்.

மதியத்துக்குமேல் நூறு கிராம் கவர் என்று சூ. சொன்னாராம். என் முதுகுக்குப் பின்னால் நின்று, மாஸ்க்குக்குள். நான் பாட்டுக்குக் கால் கிலோ கவரையே போட்டு சீல் அடித்துக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் கிழித்துக் கொட்ட வேண்டியதாயிற்று. பாதி நொறுங்கிப்போனது. சூ. ரொம்ப நேரம் திட்டினார். மாஸ்க் உள்ளே போய் வெளியே வந்தது, அவ்வளவுதான் நான் பார்த்தது. தலையை ஆட்டினேன்.

அவர் வெளியே போனதும் பக்கத்து மேஜை லில்லி மாஸ்க்கை இறக்கினாள். பொழியூர்க்காரி, அவள் உதடு தெளிவு.

"திங்களாழ்ச்ச முதல் நீ தோலுரிக்க ஷெட்டுக்குப் போணுமாம் மக்கா. அங்க ஆருக்கும் ஒண்ணும் கேக்கண்டாமாம்."

தோலுரிக்கிற ஷெட். வாழைக்கறை பட்டால் என் கை வெடித்துவிடும். அது ஒரு பக்கம். இந்த சீல் மெஷீனை நானாகப் பழகிக்கொண்டேன், விட்டுக்கொடுக்க மனமில்லை. கோபம். பஸ்ஸில் வரும்போதும் இருந்தது.

ஆகஸ்ட் 6, புதன்

மைனி என் சட்டையைத் துவைத்துவிட்டு முதுகுப்பக்கத்தை விரித்துக் காட்டினாள். எண்ணெய்ப் புள்ளிகள். என்ன என்று கேட்டாள், சொன்னேன்.

மைனி: "வேலை உண்டுல்லா, அது போதும்."

அண்ணன் பல் தேய்த்துக்கொண்டே ஏதோ சொன்னான். நுரை மட்டும் தெரிந்தது. துப்பிவிட்டு மறுபடி சொன்னான்: "வாயத் தொறந்து கேளு. ஒனக்கு வாய் இல்லியா?"

வாய் இருக்கிறது. சத்தம் எப்படி இருக்கும் என்றுதான் எனக்குத் தெரியாது. மூக்கால் வருமாம். முன்பு வேலை பார்த்த துணிக்கடையில் ஒரு கஸ்டமர் சிரித்தார். அதிலிருந்து வேலையிடத்தில் பேசுவதில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

போனில் மலையாளத்தில் டைப் செய்து சூ.விடம் நீட்டினேன். ஒன்று, சொல்வதை எழுதித் தாருங்கள், இல்லையென்றால் என்னிடம் பேசும்போது மட்டும் மாஸ்க்கை இறக்குங்கள். வாசித்தார். மாஸ்க்கைத் தொட்டார், இறக்கவில்லை. மூக்குவரை இன்னும் ஏற்றிவிட்டுக்கொண்டு ஏதோ சொல்லிவிட்டுப் போனார்.

லில்லி பிறகு சொன்னது: "எழுதித் தர இது ஸ்கூளல்லன்னு சொன்னாரு."

சாப்பாடு: மரச்சீனிக் கிழங்கு, மீன்கறி. லில்லி தந்தது. உப்பு கூடுதல்.

ஆகஸ்ட் 9, சனி

மெஷீனில் என் இடத்துக்குப் புதுப் பெண். அவளுக்கு நானே பழக்கிக் கொடுக்க வேண்டுமாம். கொடுத்தேன். நல்ல பெண், பயந்த கண்.

மூன்று மணி டீக்கு முன்னால் கவர் சூட்டில் ஒட்டிப் புகைய ஆரம்பித்தது. மெஷீன் சுவிட்சைத் தட்டினேன், நிற்கவில்லை. மெயின் சுவிட்ச் மேஜை வரிசைக்கு அந்தப் பக்கம், சூ. நிற்கிற தூணில். அவர் திரும்பி நின்று போனில். எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடும்போது யார் கத்தினாலும் அங்கே கேட்காதாம். லில்லி கத்துகிறாள், கழுத்து நரம்பு புடைக்கிறது. அவர் திரும்பவில்லை.

அவருக்கும் கேட்கவில்லை.

ஒரு கை சிப்ஸ் அள்ளி எறிந்தேன். ஒன்று பிடரியில் பட்டது.

திரும்பினார். மெயினை அணைத்தார். பிறகு மாஸ்க்கைத் தாடைக்கு இழுத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். முதல்முறையாக முழு முகம்.

"ஆராக்கும் எறிஞ்சது?"

ஒவ்வோர் எழுத்தும் புரிந்தது. மேல்வரிசையில் முன்பல் இரண்டு இல்லை என்பதும்.

"நான்தான். சாரை விளிச்சேன்" என்றேன். வாயால்.

ஹாலில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்தார்களோ என்னவோ, மாஸ்க். சூ. சட்டென்று மாஸ்க்கை ஏற்றிவிட்டுக்கொண்டார். திங்கட்கிழமை பற்றி ஒன்றும் சொன்னதாகத் தெரியவில்லை. ஏப்ரனை மெஷீன் பக்கத்து ஆணியிலேயே மாட்டிவிட்டு வந்தேன்.

பல் விஷயம் லில்லியிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

வெயில். பஸ்ஸில் இடம் கிடைத்தது.

ஏப்ரன் அதே ஆணியில். எடுத்துக் கட்டிக்கொண்டு மெஷீன் முன்னால் நின்றேன். புதுப் பெண் பாக்கிங் மேஜையில் இருந்தாள்.

சூ. வந்தார். பின்னாலிருந்து இல்லை, சுற்றி முன்னால் வந்து. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மாஸ்க்கை இறக்கினார். இறக்கிய வேகத்தில் கையால் வாயைப் பொத்திக்கொண்டு ஏதோ சொன்னார்.

"சார், கை" என்றேன்.

இன்னொரு முறை அக்கம்பக்கம் பார்த்தார். பிறகு எடுத்தார்.

"இன்னைக்கு நூறு கிராம்."