கொச்சிக் கன்றுக்குக் கிணற்றுத் தண்ணீர்

மாசி 6, திங்கள்
பனி. எட்டு மணிக்குத்தான் வெயில். அக்காவின் கொச்சிமிளகாய்க் கன்றுகளை முதல்முதல் வெளியே வைத்தோம். முப்பத்தொன்று. வெட்டின போத்தலிலும் பால்மா டின்னிலும் அறைக்குள்ளேயே முளைத்தவை. கடல் வந்து மகளைக் கொண்டுபோன பிறகு அக்கா வாசல் தாண்டியதில்லை. இன்றைக்குக் கன்றுக்குக் காவலாகக் கிணற்றடி வரை வந்தா.

"அரை மணித்தியாலமா? ஏன், கறுத்திருவாளுகளோ?"

"வாயை வைச்சுக்கொண்டு சும்மா கிட தம்பி. நாளைக்கு ஒரு மணித்தியாலம். ஒரேயடியா வெயில்ல விட்டாச் சுருண்டிரும்."

ஏசினாலும் சிரிச்சா. ஒரு வருசத்துக்குப் பிறகு.

7, செவ்வாய்
பாத்தி கொத்த வேணும். சாணி. நிழல் பந்தலுக்கு நான் உடுத்துக் கழித்த சாரம் ரெண்டு.
அக்கா வெளியே ஒரு மணித்தியாலம். வேலிக்கு அங்கால போன மீன்காரனைக் கூப்பிட்டு விலை கேட்டா. வாங்கவில்லை. கேட்டதே போதும்.

9, வியாழன்
நல்ல வெயில். தண்ணீர் கொண்டுவரும் பவுசர் வரவில்லை. கன்றுகளுக்கு இவ்வளவு நாளும் அந்தத் தண்ணீர்தான். எங்கள் கிணற்றுக்குள் கடல் போனது, மூன்று தரம் இறைத்தாயிற்று. ஒரு வாய் குடித்துப் பார்த்தேன்.

"பாயாசம் அக்கா!"

"உப்பு இல்லையா? வடிவாப் பார்த்தியா?"

"என்ட நாக்குப் பொய் சொல்லுமா?"

"நீ சொன்னா ஊத்துறன்."

சிரட்டையால் ஒவ்வொன்றுக்கும் தன் கையால் ஊற்றினா.

11, சனி
நேற்றே இலை ஓரம் கருகல். இன்றைக்கு எல்லாம் தலை தொங்கல். தோணியில் கடல் தண்ணீரை அள்ளிச் சோற்றில் விட்டுத் தின்ற நாக்கு இது. முப்பது வருசம். இதுக்கு எங்கே உப்புத் தெரியப் போகுது? பெரிய மேதாவி நான்.

அக்கா ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

"நான்தானே ஊத்தினன் தம்பி. கடல் வந்த அண்டைக்கு அவளும் இந்தக் கையிலதான் இருந்தாள்."

உள்ளே போய்க் கதவைச் சாத்தினா. சோறு வேண்டாமாம்.

12, ஞாயிறு
வானம் மப்பு. பவுசர் வந்தது. ரெண்டு வாளி. உயிரோடு நாலு கன்று, அதுவும் சந்தேகம்.

பிழை உன் கையில் இல்லை, என் நாக்கில் என்று அக்காவிடம் சொல்ல வேணும். காலையிலிருந்து மூன்று தரம் கதவடிக்குப் போனேன். மூன்று தரமும் வாயில் அந்தப் பாயாசம் மாதிரி ஒரு பகிடிதான் வந்தது. விழுங்கிக்கொண்டு திரும்பி வந்தேன்.