அக்டோபர் இதழில் என் முகம்

ஆல்டர் ஃபால்ஸ்
அக்டோபர் 20, 1954

அன்புள்ள மோரிக்கு,

நீ நலம்தானே? நான் நலமாக இல்லை. நியூயார்க்கில் எந்த மேஜை முன்னால் குனிந்து கிடந்தாலும், பேனாவைக் கீழே வைத்துவிட்டு இதைப் படி.

போனிலேயே திட்டியிருப்பேன். ஆனால் எங்கள் தெருவில் நான்கு வீட்டுக்கும் ஒரே லைன். நான் ரிசீவரை எடுத்தால் பக்கத்து வீட்டில் ஹாரியட் வான் நெஸ் எடுக்கிற சத்தமும் கேட்கும், அப்புறம் அவள் மூச்சுவிடுகிற சத்தமும் கேட்கும். அதனால்தான் கடிதம்.

சனிக்கிழமை பள்ளி மைதானத்தில் காமிக்ஸ் புத்தகங்களைக் கொளுத்தப் போகிறார்கள். பிள்ளைகளைக் கெடுக்கிற குப்பையை ஊரைவிட்டே ஒழிக்க வேண்டுமாம். பெற்றோர் சங்கத் தலைவி ஹாரியட்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கிறாள். பிள்ளைகளிடமிருந்து புத்தகங்களை வாங்கிச் சேர்க்கும் பொறுப்பு யாருக்கு என்கிறாய்? எனக்கு. "நீ புதுசா வந்தவ பெல்லா கண்ணு, இதுல முன்னால நின்னீன்னா ஊருக்கே உன்னப் பிடிச்சுப்போயிடும்" என்றாள். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? கிறிஸ்துமஸ் வரைக்கும் நான் தற்காலிக ஆசிரியை. அதற்குப் பிறகு வேலை உண்டா இல்லையா என்பது தலைமை ஆசிரியர் கையில். உன் காமிக்ஸ் கம்பெனியோ மாதம் ஒரு புத்தகத்தை நிறுத்திக்கொண்டிருக்கிறது. என் சம்பளமும் போனால் நாம் எங்கே போவோம்?

இந்த ஊரைப் பொறுத்தவரை என் புருஷன் சோப்பு விளம்பரம் வரைகிறவன். அப்படிச் சொல்லச் சொன்னவனே நீதான். நானும் வாய் கூசாமல் சொல்லி வருகிறேன்.

நேற்று என் வகுப்பறையில் புத்தகங்களை அடுக்கும்போது அக்டோபர் இதழ் ஒன்று கையில் வந்தது. ஜூலையில் கடைக்கு வந்த புத்தகத்துக்கு அக்டோபர் என்று தேதி போடுகிற உங்கள் தொழில் கூத்து வேறு. அட்டையில் விண்வெளி வீராங்கனை ஒரெல்லா, ஒரு கையால் ராக்கெட்டைத் தூக்கிக்கொண்டு சிரிக்கிறாள். இடது புருவத்தில் வெட்டு. முன்பற்களுக்கு நடுவே இடைவெளி.

அது நான், மோரி!

மார்ச் மாதம் என்னைச் சமையலறை நாற்காலி மேல் ஏற்றி, மேஜை விரிப்பைக் கழுத்தில் கட்டி, கையில் சட்டியைக் கொடுத்து, "சிரி, இன்னும் நல்லா சிரி, இது சோப்புக்குத்தான்" என்றாயே. ஊருக்குச் சொல்லச் சொன்ன பொய்யை எனக்கே சொல்லியிருக்கிறாய். உடை என்கிற பேரில் நீ போட்டுவிட்டிருக்கிற அந்தக் கைக்குட்டையைப் பற்றி நேரில் பேசிக்கொள்கிறேன்.

கண்ணில் பட்ட பிரதிகளையெல்லாம் எடுத்து மாவு டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன். சனிக்கிழமை ஒரே ஒரு பிரதி வெளியே வந்தால்கூட நம் கதை முடிந்தது. இந்த வாரம் நீ இங்கே வராதே. போனும் செய்யாதே. 

உன் மேல் கடுங்கோபத்திலிருக்கும்,
பெல்லா

ஆல்டர் ஃபால்ஸ்
அக்டோபர் 24, 1954

அன்புள்ள மோரிக்கு,

உன் கடிதம் நேற்றுக் காலையே வந்துவிட்டது. "எதுவும் தெரியாத மாதிரி இரு, என்னை மன்னித்துவிடு" என்று எழுதியிருந்தாய். மன்னிப்பைப் பற்றிப் பிறகு பார்ப்போம். முதல் பாதியை நான் செய்யவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

மைதானத்தில் ஊரே கூடியிருந்தது. பாதிரியார், பேண்டு வாத்தியம், ஆப்பிள் ஜூஸ், டோனட் என்று திருவிழாத்தான். குவியலை நானே ஒருமுறை கிளறிப் பார்த்துவிட்டேன். நீ வரைந்தது ஒன்றுகூட இல்லை. அப்பாடா என்று மூச்சுவிட்டேன். அந்த நேரம் பார்த்து மருந்துக்கடை கிம்பல் ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

விற்காத இதழ்களின் தலையை, அதாவது அட்டையின் மேல்விளிம்பை, கடைக்காரர்கள் கிழித்துக் கம்பெனிக்கு அனுப்பி, பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள் என்று நீதானே சொல்லியிருக்கிறாய்? அக்டோபர் வந்துவிட்டதால் அக்டோபர் இதழ்களின் தலையைக் கிழித்துவிட்டு, மிச்சத்தை நெருப்புக்குக் கொண்டுவந்திருந்தார். தலைப்பும் தேதியும் போயிருந்தன. என் முகம் முழுசாக இருந்தது. மாவு டின்னைப் பற்றி யோசித்த எனக்கு மருந்துக்கடை ஞாபகத்துக்கு வரவே இல்லை.

கொளுத்துவதற்கு முன்னால் ஒன்றை எடுத்துக் காட்டிப் பேசுவது ஹாரியட்டின் திட்டம். கட்டின் மேலே இருந்ததை எடுத்தாள். "இந்த அசிங்கத்தப் பாருங்க" என்று ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டாள். புத்தகத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். 

"அடப் பாவி மக்கா, பெல்லா, இது உன் மூஞ்சியாச்சே!" என்றாள். கூட்டம் திரும்பியது.

அடுத்து அவள் செய்ததுதான் நான் எதிர்பாராதது. என் தோளைக் கட்டிக்கொண்டாள். நிஜமாகவே அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. "எவனோ ஒரு தெருப்பொறுக்கி உன் மூஞ்சியத் திருடியிருக்கான். விடக்கூடாது. கேஸ் போடுவோம், நானே கூட வர்றேன்" என்றாள். புத்தகத்தை என் கையில் கொடுத்து, "முதல்ல நீயே இத நெருப்புல போடு கண்ணு" என்றாள்.

தலையை ஆட்டினால் போதும், மோரி. ஊரே என் பக்கம். வேலையும் நிலைத்திருக்கும். தலைமை ஆசிரியர்கூட வருத்தமாகத் தலையசைத்துக்கொண்டிருந்தார்.

புத்தகத்தைக் குனிந்து பார்த்தேன். அவள் எப்படிச் சிரிக்கிறாள் தெரியுமா? பல் சந்து தெரிய, யாரைப் பற்றியும் கவலைப்படாமல். இந்த ஊருக்கு வந்ததிலிருந்து நான் கையால் வாயை மூடிக்கொண்டுதான் சிரிக்கிறேன். எதையாவது உளறிவிடுவேனோ என்று பயம். நான் எப்படிச் சிரிப்பேன் என்பதை நானே மறந்திருந்தேன். நீ மறக்கவில்லை. அந்த முகத்தை வரைந்தவனைத் தெருப்பொறுக்கி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"யாரும் திருடல ஹாரியட். வரைஞ்சது என் வீட்டுக்காரர். நாற்காலி மேல ஏறி நின்னது நான்தான்" என்றேன்.

அவள் கை என் தோளிலிருந்து இறங்கியது. பேண்டு நின்றுவிட்டது. பாதிரியார் தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார். கிம்பல்தான், "ராக்கெட்டுக்குப் பதிலா கையில என்னம்மா வச்சிருந்தீங்க?" என்று கேட்டார். சட்டி என்றேன். யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்து, உடனே அடக்கிக்கொண்டாள். நான் அடக்கவில்லை. வாயையும் மூடவில்லை.

நெருப்பு வைத்துவிட்டார்கள். அதையெல்லாம் என்னால் தடுக்க முடியுமா? என் கையிலிருந்த பிரதி மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்தது.

தலைமை ஆசிரியர் புதன்கிழமை காலை அறைக்கு வரச் சொல்லியிருக்கிறார். முகத்தைப் பார்த்தால் நல்ல செய்தி இல்லை. பயமாகத்தான் இருக்கிறது. கோபமும் போகவில்லை. என்னிடம் பொய் சொன்னதற்கு நீ எத்தனை நாள் பாத்திரம் கழுவ வேண்டும் என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை.

வெள்ளிக்கிழமை வா. எப்போதும் போல இருட்டியபின் வரும் ரயிலில் வேண்டாம், பகல் ரயிலில் வா. நீ வரைகிற படப்பலகையை இந்த முறை பழுப்புக் காகிதத்தில் சுற்றி மறைக்காமல், கடைத்தெரு வழியாகக் கையில் எடுத்துக்கொண்டு வா. நான் ஸ்டேஷனில் நிற்கிறேன்.

அதற்குள் ஒரே ஒரு உதவி. புதன்கிழமை சாயங்காலம், அந்த அறையிலிருந்து நான் திரும்பி வந்ததும், எனக்குப் போன் செய். அன்றைக்கு உன் குரல் எனக்கு வேண்டும். ஹாரியட் ரிசீவரை எடுத்தால் எடுக்கட்டும். அவளுக்கும் ஒரு வணக்கம் சொல்லிவிட்டு, நாம் பேசுவோம்.

நாற்காலி மேல் நின்ற
உன் பெல்லா