பிலாரின் கயிற்றுச் செருப்பு

உன் அண்ணன் மான்ட்ரியலுக்கு அக்கரையில் இருக்கும் புரோசார்டிலிருந்து வந்து உன் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார். நான் சமையலறைப் பாத்திரங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். அலமாரியின் அடித்தட்டிலிருந்து எதையோ இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தபடி வாசற்படியில் வந்து நின்றார்.

“என்னம்மா இது, கயித்துச் செருப்பு? குப்பையில போட்டுடவா?”

“வேணாம் அண்ணா. அது அவளுது இல்ல. திருப்பிக் கொடுக்க வேண்டியது.”

“யாருக்கு?”

“ஸ்பெயின்ல ஒரு அம்மாவுக்கு.”

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு அதை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். இப்போது அது என் மேசைமேல் இருக்கிறது. வெளியே தெருவோரப் பனி அழுக்காக உருகிக்கொண்டிருக்கிறது. குனிந்து முகர்ந்தால் காய்ந்த புல் வாசனை, அதற்குப் பின்னால் மிக லேசாகக் காட்டுத் துளசியைப் போன்ற அந்த மலைச்செடியின் வாசனை. இத்தனை வருடம் உன் அலமாரியில் குளிர்கோட்டுகளுக்கும் பாச்சை உருண்டைகளுக்கும் நடுவில் கிடந்தும் அது போகவில்லை.

அந்த ஊரைக் கண்டுபிடித்தவள் நான். பல்கலைக்கழக நூலகத்தில் வேலை செய்பவளுக்கு அது ஒன்றும் பெரிய சாதனை இல்லை. ஸ்பெயினின் அரகோன் மலைப்பக்கத்து ஊர்களைப் பற்றிய ஒரு தடித்த புத்தகத்தில், குன்றின் உச்சியில் தனியாக நிற்கும் ஒரு சிறிய தேவாலயத்தின் மங்கலான படம் இருந்தது. உள்சுவரில் பழைய ஓவியம் உண்டு என்று ஒரே வரி. அதை வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுவதும் உன்னிடம் பேசினேன். நீ ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர். தலையணையைக் கட்டிக்கொண்டு கேட்டாய்.

“நீ வரலாறு பேச ஆரம்பிச்சா எனக்கு வேலையே இருக்காதுடி. பேஷண்ட் தானாத் தூங்கிடுவான்.”

ஆனாலும் வருகிறேன் என்றாய். ஏன் வருகிறாய் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். சிறுவயதுக் காய்ச்சல் ஒன்று உன் இதயத்தின் வால்வைக் கெடுத்து வைத்திருந்தது. அக்டோபரில் மாற்றிவிடலாம், அதற்குமேல் தள்ளக்கூடாது என்று அறுவை மருத்துவர் சொல்லியிருந்தார். நீ சரி என்று சொல்லவில்லை. உன் அண்ணனிடம்கூட மூச்சுவிடவில்லை. “மருந்தை ஏத்திட்டு, எண்ணுங்கன்னு நாந்தான் சொல்வேன். ஒருத்தரும் பத்தைத் தாண்ட மாட்டாங்க. அந்தப் பக்கம் படுத்துக்க என்னால முடியாதுடி” என்று ஒரே ஒரு முறை சொன்னாய். எத்தனையோ பேரைத் தூங்கவைத்த உனக்குத் தூங்கப் பயம். அறுவை செய்யாவிட்டால் இன்னும் இரண்டு குளிர்காலம் கூடக் கிடைக்காது என்பது என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும்.

விமானத்தில் உட்கார்ந்ததும் ஒரு சட்டம் போட்டாய்: “ஸ்பெயின்ல யாரும் அக்டோபர்னு சொல்லக்கூடாது.” நான் தலையாட்டினேன். பேசாமல் இருப்பது எனக்குக் கைவந்த கலை என்று நினைத்திருந்தேன். அந்தப் பத்து நாளும் அது எனக்குப் பெரும்பாடாக இருந்தது.

புறப்படுவதற்குமுன் மான்ட்ரியலை ஒட்டிய இல்-பிசாரில் நடந்து பழகினோமே, நினைவிருக்கிறதா? சமதளமான தீவில்கூட நீ அடிக்கடி நின்று ஏதோ பறவையைப் பார்ப்பதுபோல மூச்சு வாங்கினாய். அந்த மரத்தில் பறவையே இல்லை என்று நான் சொன்னதில்லை.

ஊரின் கீழே ஒற்றை வளைவுக் கல்பாலம், அதைக் கடந்தால் இரட்டைக் கோபுரம் வைத்த கோட்டைவாசல், உள்ளே ஆளரவமற்ற சந்துகள். மதுக்கடையில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் நம் இருவரையும் பார்த்து ஆட்டத்தையே நிறுத்திவிட்டார்கள். தேவாலயச் சாவி பிலார் வீட்டில் இருக்கும் என்று கடைக்காரர் கையைக் காட்டினார். “நம்ம ஊர்ல பூசாரி வீட்டைத் தேடிப் போற மாதிரியே இருக்கு” என்றாய்.

பிலார் அறுபதைக் கடந்தவள், கறுப்பு உடை, மடியில் அவரைக்காய். இளவயதில் பல வருடம் எல்லை தாண்டி பிரான்சில் திராட்சை பறிக்கப் போனவளாம், அதனால் பிரெஞ்சு வந்தது. நாம் பேசிய மான்ட்ரியல் கொச்சைப் பிரெஞ்சைக் கேட்டதும் காயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

“இதை உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? மாட்டு வண்டிக்காரனா?”

“கிட்டத்தட்ட. மான்ட்ரியல் ஆம்புலன்ஸ்காரங்க” என்றாய்.

அந்த ஒரு பதிலுக்காகவே அவள் முழங்கை நீளச் சாவியை எடுத்துக்கொண்டு கூடவே கிளம்பினாள். அவளுடைய ஆடு மேய்க்கும் நாயும் வந்தது.

கோவேறு கழுதைகளுக்காகக் கல் பாவிய பழைய பாதை, இருபுறமும் சாந்தில்லாமல் அடுக்கிய கற்சுவர்கள், படிப்படியாக இறங்கும் பாதாம் தோட்டங்கள். நீ நின்றாய், நடந்தாய், நின்றாய். பாதி வழியில் கல் கூரை போட்ட வட்டக் கிணறு ஒன்று வந்தது. குளிர்காலத்தில் பனியை வாரி உள்ளே போட்டு மிதித்து, வைக்கோல் மூடி, கோடையில் வெட்டி விற்பார்களாம். நீ அதன் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாய். உதடு நீலம் பாரித்திருந்தது.

“பாருடி, மான்ட்ரியல்ல நாம பனியை லாரி வச்சு அள்ளி ஆத்துல கொட்டறோம். இவங்க பத்திரமா எடுத்து வச்சிருக்காங்க.”

திரும்பிவிடலாமா என்று கேட்க வாயெடுத்தேன். “கேட்காதே” என்றாய். பிலார் உன்னையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, யாரையும் அவசரப்படுத்தாமல் மலைச்செடியைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்துகொண்டிருந்தாள்.

உச்சியில் அவள் கதவைத் திறந்தபோது நாம் இருவரும் யோசிக்காமல் ஒரு காரியம் செய்தோம். பூட்ஸைக் கழற்றி வாசலில் விட்டோம். பிலார் அப்படியே நின்றுவிட்டாள். அங்கே நேர்த்திக்கடன் உள்ளவர்கள்தான் வெறுங்காலோடு வருவார்களாம்.

“யாருக்காக வேண்டுதல்?” என்று தணிந்த குரலில் கேட்டாள்.

“வேண்டுதல் ஒண்ணும் இல்லம்மா. எங்க ஊர் வழக்கம், அவ்வளவுதான்” என்றாய். ஒரு பேச்சுக்குக்கூட ஆமாம் என்று சொல்கிறவள் இல்லை நீ.

“சரி, சரி” என்றாள். நம்பவில்லை.

உள்ளே தரை பனிக்கட்டிபோல இருந்தது. கண் பழகியதும் சுவரில் ஓவியம் தெரிந்தது. சிறகுள்ள ஒருவர் தராசு பிடித்து உயிர்களை எடை போடுகிறார். தட்டுக்குக் கீழே ஒரு குட்டிப் பிசாசு அதைப் பிடித்து இழுக்கிறது. நான் படித்ததையெல்லாம் சொல்ல ஆரம்பிப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய். “எடையில கை வைக்கிறான் பாரு, கொத்தவால்சாவடி வியாபாரி மாதிரி.” ஆனால் அதற்குப் பிறகு வெகுநேரம் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாய். நான் சட்டத்தைக் காப்பாற்றினேன்.

வெளியே வந்தபோது என் பூட்ஸ் இரண்டும் இருந்தன. உன்னுடையது ஒன்றுதான் இருந்தது. சரிவில் வெகு தூரத்தில் நாய் உன் மற்றதைக் கவ்விக்கொண்டு பாதாம் மரங்களுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தது. பிலார் போட்ட கூச்சலில் பள்ளத்தாக்கே எதிரொலித்தது. நாய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சற்று நேரம் கழித்து வெறும் வாயோடு வாலை ஆட்டிக்கொண்டு வந்தது.

நீ படியில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாய். பிலார் மன்னிப்புக் கேட்கக் கேட்க உனக்குச் சிரிப்பு கூடியது.

“பழநியில, திருப்பதியில எங்கயும் போகாத செருப்பு இங்க போச்சுடி. கோயில் வாசல்ல செருப்பு காணாமப் போனா பீடை போச்சுன்னு அம்மா சொல்வாங்கல்ல?”

அதை பிலாருக்கும் பிரெஞ்சில் விளக்கினாய். அவள் தீவிரமாகக் கேட்டுவிட்டு, “அப்படியென்றால் ஒன்று மட்டும் போனது போதுமா?” என்றாள்.

“நியாயமான கேள்வி” என்று சொல்லி மற்ற பூட்ஸையும் எடுத்து அவளிடம் கொடுத்துவிட்டாய். கோழிக்கூட்டுக் கதவுக்கு முட்டுக்கொடுக்க ஆகும் என்று அவள் வாங்கிக்கொண்டாள். தன் கயிற்றுச் செருப்பைக் கழற்றி உன் முன்னால் வைத்தாள். அவள் காலுக்கு அந்தக் கற்கள் பழக்கமாம். “திரும்பி வரும்போது கொண்டுவா” என்றாள்.

இறங்கும்போது பனிக்கிணற்றருகே நீயே சட்டத்தை மீறினாய். “அக்டோபர்ல பண்ணிக்கறேன்டி.” அறிவியலைத் தவிர எதையும் நம்பாத டாக்டர் நீ. நான் குனிந்து, அவிழாத என் பூட்ஸ் கயிற்றை வெகுநேரம் கட்டினேன். நிமிர்ந்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

அறுவை முடிந்து கண் விழித்த மறுநாள், எந்த எண்வரை போனாய் என்று கேட்டேன். “எண்ணவே இல்ல. நாய் ஓடினது ஞாபகம் வந்துச்சு. சிரிச்சுட்டே தூங்கிட்டேன் போல.”

அதன் பிறகு ஒவ்வொரு கோடைக்கும் ஒரு மலை வைத்திருந்தாய். ராக்கீஸ், காஸ்பே, ஒரு முறை உன் அம்மாவையும் இழுத்துக்கொண்டு கொடைக்கானல். எதிலும் பறவை பார்க்க நீ நிற்கவில்லை. மூச்சிரைக்க நின்றது நான்தான். செருப்பை எப்போது திருப்பிக் கொடுக்கப்போகிறாய் என்று கேட்டால், “கொடுத்துட்டா அப்புறம் அங்க போக என்ன சாக்கு இருக்கு?” என்பாய். இந்தக் குளிர்காலத்தில் வந்த ஒரு காய்ச்சல் அந்தப் புது வால்வைத் தொட்டது. ஒரு வாரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த வருடங்கள் மட்டும் முழுக்க முழுக்க உன்னுடையவை. பக்கத்திலிருந்து பார்த்தவள் சொல்கிறேன்.

ஜூனில் போகிறேன். விமானச் சீட்டு வாங்கிவிட்டேன். பிலார் இல்லாவிட்டாலும் சாவி ஏதோ ஒரு வீட்டில் இருக்கும், மதுக்கடையில் கேட்டால் கையைக் காட்டுவார்கள். போகிற வழியில் அந்தக் கோழிக்கூட்டை எட்டிப் பார்ப்பேன். செருப்பைத் திருப்பிக் கொடுப்பேன். மேலே போய், என் பூட்ஸ் இரண்டையும் வாசலிலேயே விட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைவேன்.

நாய் வந்து தூக்கிக்கொண்டு போனால், கீழே இறங்க இதே செருப்பை மறுபடி இரவல் கேட்பேன்.