எல்லாம் இடப்பக்கம், கீழே

மார்ச் 18, சனி

எங்கள் ஊர்த் துப்பாக்கிச் சங்கத்தில் இந்த வருடத்தின் முதல் சுடும் நாள். மேட்டில் இன்னும் பனி கிடக்கிறது. கையுறையைக் கழற்றியதும் விரல் மரத்துவிட்டது. முந்நூறு மீட்டர், பத்துத் தோட்டா. ஒன்பது இடப்பக்கம் கீழே போயின. ஒன்று எங்கே போனதென்று கடவுளுக்குத்தான் தெரியும்.

ஜியேரி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிப்ரவரியில் பனிச்சறுக்கில் தோள் எலும்பை முறித்துக்கொண்டதிலிருந்து என் கணவருக்கு வேடிக்கை பார்ப்பதுதான் வேலை. துப்பாக்கியும் அவருடையது. ராணுவத்திலிருந்து விடுபட்டபோது, சரமாரியாகச் சுடும் வசதியை எடுத்துவிட்டு அவரிடமே கொடுத்தார்கள். இப்போது விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டு, அடுத்தது தானே ஏறிக்கொள்ளும். இருபது வருடம் அவருக்கு ஒழுங்காகச் சுட்ட துப்பாக்கி.

பாலாடைக்கட்டிக் கடை பிளாட்சிதான் எங்கள் சங்கத்தின் தலைவர். திரும்பும்போது கூப்பிட்டார். "ஏம்மா நேசா, ஜியேரிக்குத் தோள் போச்சு. ஜூன்ல நடக்குற சுடும் திருவிழாவுக்கு அணியில அஞ்சாவது ஆள் நீதான்."

"நானா? நான் வாழ்க்கையில ஒரு பதக்கம்கூட வாங்கினதில்ல."

"வேற யாரு இருக்கா? பக்கத்து ஊர் மூலின்காரனுங்க மூணு வருஷமா மணிய வச்சிக்கிட்டு ஆட்டம் போடுறானுங்க."

மணி என்பது ஆல்ப்ஸ் மலை மேய்ச்சலில் தலைப்பசுவுக்குக் கட்டும் பெரிய வெண்கல மணி. ஜெயிக்கும் ஊர் ஒரு வருடம் வைத்துக்கொள்ளலாம். பதினெட்டுக் குண்டு, ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் நான்கு புள்ளி; தனிப் பதக்கத்துக்கு எழுபத்திரண்டில் ஐம்பத்தேழு வேண்டும். கடந்த வருடங்களில் நான் எடுத்தவை: 54, 52, 55, 56.

ஐம்பத்தாறு! அந்த வருடம் மூன்று நாள் யாரோடும் பேசவில்லை.

மார்ச் 19

துப்பாக்கியைப் பிரித்துத் துடைத்தேன். ஒரு திருகு தளர்ந்திருந்தது. அதுதான்! நிச்சயம் அதுதான்.

மார்ச் 25, சனி

அது இல்லை.

குறிபார்க்கக் குழல் முனையில் இருக்கும் முன்குறியின் வளையத்தை மாற்றினேன். கண்ணருகே இருக்கும் பின்குறியை வலமாக ஆறு சொடுக்கு, மேலாக நான்கு. இப்போது குண்டுகள் இலக்குப் பலகை முழுக்கச் சிதறுகின்றன. முன்பாவது எல்லாம் ஒரு பக்கமாகப் போயின.

"குழல் தேஞ்சிருக்கும். இல்லன்னா தோட்டா சரியில்ல," என்றேன் ஜியேரியிடம், எல்லோருக்கும் கேட்கும்படி.

பக்கத்துப் பாயில் படுத்திருந்த பார்லா, தன் துப்பாக்கியிலிருந்து கன்னத்தை எடுக்காமலே சொன்னாள்: "பாவம் அந்தத் துப்பாக்கி."

மூன்று வருடத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை! என்னிடம்கூட இல்லை, துப்பாக்கியிடம்.

இங்கே எழுதிவைக்கிறேன், கோபம் குறையட்டும். பார்லா எங்கள் ஊரின் ஒரே முடிதிருத்துபவள். எங்கள் ஊரிலேயே நன்றாகச் சுடுபவளும் அவள்தான். மூன்று வருடம் முன் என் மகள் கல்யாணத்தன்று, தலை அலங்காரத்துக்குக் காலை எட்டு மணிக்கு வருகிறேன் என்றாள். வரவில்லை. கடை பூட்டியிருந்தது, போனை எடுக்கவில்லை. மணப்பெண்ணுக்கு நானே தலைவாரினேன். போட்டோக்களில் என் மகள் காற்றில் சிக்கிய வைக்கோல்போர் மாதிரி இருக்கிறாள். அன்று பார்லா வேறு ஊரில் போட்டிக்குப் போயிருந்தாள் என்று பிறகு தெரிந்தது. ஒரு மன்னிப்பு? கிடையாது.

மார்ச் 28

பேருந்தின் ஓட்டுநர் இருக்கையில் நான், அதுதான் என் வேலை. 7.40 வண்டியில் கடைக்குப் போக பார்லா ஏறினாள், பயணச்சீட்டைக் காட்டினாள், நான் தலையசைத்தேன். வாரத்தில் ஐந்து நாள் இதே நாடகம்.

மார்ச் 30, வியாழன்

துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோனேன். அதிகம் பேசாத மனிதர். மணல்மூட்டை மேல் வைத்து ஐந்து முறை சுட்டார். ஐந்தும் என் உள்ளங்கைக்குள் அடங்கும் இடத்தில்.

"நல்ல துப்பாக்கி," என்றார். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து ஜியேரியிடம், "அந்த ஆளுக்கு ஒண்ணும் தெரியல" என்றேன். அவர் சூப்புக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. முறிந்த தோள்தான். நன்றாக வலித்திருக்கும்.

ஏப்ரல் 8, சனி

எழுதவே கூசுகிறது.

இன்று பிளாட்சி தானே என் துப்பாக்கியின் தோட்டாப் பெட்டியை நிரப்பித் தந்தார். முதல் குண்டு இடது கீழ். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதற்கு விசையை இழுத்தேன். 'டிக்' என்ற சத்தம் மட்டும். வெடிக்கவில்லை. ஆனால் குழல் முனை, தீனி பொறுக்கும் கோழி மாதிரி படக்கென்று கீழே குனிந்தது. என் தோள் முன்னால் பாய்ந்தது. கண் இறுக மூடியிருந்தது. ஐயோ, நான் கண்ணை மூடிக்கிட்டா சுடுறேன்? இத்தனை வருஷமா?

நடுவில் மருந்தில்லாத போலித் தோட்டா ஒன்றைச் சேர்த்திருக்கிறார். பின்னால் ஆறு பேர் நின்றிருந்தார்கள். யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்.

"யாரோட வேல இது?" என்று எழுந்தேன்.

"என் யோசனைதான்," என்றாள் பார்லா. அவள் மட்டும் சிரிக்கவில்லை. "வெடிக்கப்போகுதுன்னு உன் உடம்பு முந்திக்குது. உதை வர்றதுக்கு முன்னாடியே நீ எதிர்த்துத் தள்ளுற. அதான் எல்லாம் கீழ போகுது. விரல வெடுக்குன்னு இழுக்குற, அதான் இடப்பக்கம்."

"இத தனியா சொல்லியிருக்கக் கூடாதா?"

"தனியா சொல்ல நீ எங்க பேசுற? நானும் எங்க பேசுறேன்?" பிறகு குரலைத் தாழ்த்தினாள். "எனக்கும் இது இருந்துச்சு நேசா. பதினோரு வருஷம். ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல."

நேராகக் காருக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். முதலில் அழுகைதான் வந்தது. பிறகு அந்தக் கோழி ஞாபகம் வந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது.

ஏப்ரல் 10, திங்கள்

7.40. பார்லா சீட்டைக் காட்டிவிட்டு வழக்கம்போல் பின்னால் போகவில்லை. எனக்கு நேர்ப்பின் இருக்கையில் உட்கார்ந்தாள். பிறகு என் பிடரியைப் பார்த்தே பேசினாள்.

"உன் மக கல்யாணத் தேதிய மறந்துட்டேன். அடுத்த சனின்னு நினைச்சுட்டேன். போட்டிய முடிச்சுட்டுப் போனைப் பாத்தா உன்கிட்டருந்து பதினேழு அழைப்பு. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வருவேன் சொல்லு."

"வந்திருந்தா ரெண்டு திட்டு திட்டியிருப்பேன். அன்னிக்கே முடிஞ்சிருக்கும்."

"இப்பத் திட்டிடு."

திட்டினேன். ஒரு நிறுத்தத்திலிருந்து அடுத்த நிறுத்தம் வரை, மேடு ஏறும் முழு நேரமும். பால்காரர் ஒருவர் ஏறிவிட்டு, பயந்து, இறங்கலாமா என்று பார்த்தார்.

ஏப்ரல் 12

வரவேற்பறைக் கம்பளத்தில் படுத்து வெறும் துப்பாக்கியில் பயிற்சி. காலி என்று இருமுறை பார்த்துவிட்டு, குழல் மேல் ஒரு நாணயத்தை வைக்க வேண்டும். விசை விழும்போது நாணயம் அசையக்கூடாது. பார்லாவின் பாடம். இருபதில் பத்தொன்பது முறை உருண்டது.

ஜியேரி காப்பியோடு என்னைத் தாண்டிப் போகிறார். "சுடாத, நான் சரணடைஞ்சுட்டேன்."

ஏப்ரல் 21

இன்று விளங்கியது! உறைபனிச் சாலையில் பேருந்தை நிறுத்துவது போலத்தான் இது. அழுத்துகிறோம் என்று காலுக்கே தெரியாமல் அழுத்த வேண்டும். முடிவெடுத்து மிதித்தால் வண்டி சறுக்கும். விசையில் முதலில் ஒரு தளர்ந்த நகர்வு, பிறகு ஒரு தடை. அந்தத் தடையில் விரலை வைத்துக்கொண்டு, குறியை மட்டும் பார்த்து, மெல்ல மெல்ல... எப்போது விழுகிறதென்று எனக்கே தெரியக்கூடாது. இருபத்தைந்து வருடமாகக் காலுக்குத் தெரிந்த வேலை. விரலுக்குச் சொல்லித்தர இவ்வளவு நாள்.

நாணயம் பதினாறு முறை அப்படியே நின்றது.

மே 6, சனி

குண்டுகள் ஒன்றுகூடிவிட்டன! பத்தும் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள். ஆனால் தட்டு வலப்பக்கம் இருக்கிறது.

பின்குறியைத் திருகப் போனேன். பார்லா கையைத் தட்டிவிட்டாள். "அதத் தொடாத. கண்ண மூடு, மூச்ச விடு, உடம்பத் தளத்து. இப்பத் திற. குறி எங்க நிக்குது?"

இலக்குக்கு வலப்பக்கம் நின்றது. நான்தான் தசையை இறுக்கி நடுவுக்கு இழுத்துக்கொண்டிருந்தேனாம். கையால் இழுக்காமல், இடுப்பை ஒரு விரற்கடை நகர்த்தச் சொன்னாள். நகர்த்தினேன். கண்ணைத் திறந்தால் முன்குறி கறுப்பு வட்டத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறது, யாரும் கூப்பிடாமலே வந்த பூனை மாதிரி.

பிறகு ஒரு நிமிடத்தில் ஆறு குண்டு. "அவசரம் துப்பாக்கிக்கு. அதுவே அடுத்தத ஏத்திக்கும். உனக்கென்ன அவசரம்? கன்னத்த எடுக்காத." கன்னத்தை எடுக்கவில்லை. எட்டு நொடி மிச்சம் இருந்தது.

அப்படியே அவள் கடைக்குப் போய் மூன்று வருடத்து முடியை வெட்டிக்கொண்டேன். தரை முழுக்க நான்.

மே 20, சனி

பார்லாவிடம் ஏதோ சரியில்லை. சுட்டுவிட்டு, "எத்தன?" என்று என்னைக் கேட்கிறாள். எண் காட்டும் திரை அவள் மூக்குக்கு முன்னால் இருக்கிறது. இன்று நான்கு முறை கேட்டாள்.

வண்டி நிறுத்துமிடத்தில் மடக்கினேன். "கண்ணு தெரியலயா?"

மழுப்பினாள். பிறகு சொன்னாள். வலது கண்ணில் புரை, குளிர்காலம் முதல். குறி பார்ப்பது பஞ்சுக்குள் பார்ப்பது போல் இருக்கிறதாம்.

"டாக்டர்கிட்ட போகாம என்னத்துக்கு எனக்குப் பாடம் நடத்திக்கிட்டிருக்க?"

"என்னால முடியாமப் போனா அணியில ஒருத்தராச்சும் உருப்படியாச் சுடணும்ல, அதுக்குத்தான்டி." சிரித்தாள். முழுச் சிரிப்பு இல்லை. "திருவிழா முடியட்டும், போறேன். யார்கிட்டயும் சொல்லிடாத."

பிளாட்சியிடம் மட்டும் சொல்லச் சம்மதிக்கவைத்தேன். அவர் ஒரு வட்டப் பாலாடைக்கட்டியைத் தடவிக்கொண்டே கேட்டுவிட்டு, "பார்லா இல்லாத அணி எதுக்கு?" என்றார்.

ஜூன் 10, சனி. திருவிழா

காலையிலேயே எழுதுகிறேன், காப்பியை இரண்டுமுறை கொட்டிவிட்டேன். கொட்டட்டும். நாணயம் நிற்கும்.

ஜூன் 11, ஞாயிறு

நேற்று நடந்தது.

பார்லா எனக்கு முன் சுட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து உதவலாம், அதற்குத் தடையில்லை. பின்குறித் துளையை மிகச் சிறிதாக்கிக்கொண்டாள், அப்போது மங்கல் கொஞ்சம் குறைகிறதாம். ஒவ்வொரு குண்டுக்கும் நான் காதருகில் சொன்னேன்: "மூணு, வலம்." "நாலு, நடு." கடைசி ஆறில் மேகம் விலகி வெயில் பளீரென்று அடித்தது. அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்தபடியே இருந்தது. சுடுவதை நிறுத்தவில்லை. மொத்தம் ஐம்பத்தைந்து. இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறை பதக்கம் இல்லை.

எழுந்து துப்பாக்கியைக் காலி செய்து காட்டினாள். முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டாள். "சரி, படு. கன்னத்த எடுக்காத."

மூலின் அணி முடித்துவிட்டிருந்தது. எனக்கு எத்தனை வேண்டுமென்று யாரும் சொல்லக்கூடாது என்று கேட்டுக்கொண்டேன். ஜியேரியின் முகமே சொன்னது, நிறைய வேண்டுமென்று. அந்தப் பக்கம் பார்ப்பதை நிறுத்தினேன்.

ஒற்றைக் குண்டு ஆறில் இருபத்தொன்று. மும்மூன்றாக இருமுறை, பதினொன்றும் பதினொன்றும். கடைசி ஆறு, ஒரு நிமிடம். கண்ணை மூடித் திறந்தேன். குறி தானே அங்கே இருந்தது. அதற்குப் பிறகு எனக்கு நினைவிருப்பது விரலின் அடியில் அந்தத் தடை மட்டும்தான். ஒவ்வொரு வெடிப்பும் என்னைத் திடுக்கிட வைத்தது. முன்பு வெடிப்பதற்கு முன் திடுக்கிடுவேன், இப்போது வெடித்த பிறகு! நான்கு, நான்கு, மூன்று, நான்கு, மூன்று, மூன்று.

அறுபத்து நான்கு.

எனக்குப் பின்னால் கூச்சல். பிளாட்சி சீட்டில் கூட்டிப் பார்த்தார், மறுபடி கூட்டினார். எங்கள் ஐவருக்கும் சேர்த்து 302. மூலினுக்கு 301. பெரிய மனிதர், அறுபது வயது, புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மூலின் தலைவர் மணியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "ஏம்மா, போன வருஷம் நீ எங்க பலகையக்கூடத் துளைச்சியே! என்ன தின்ன?"

"திட்டு," என்றேன்.

பதக்கம் குத்த வந்தவரிடமிருந்து அதை வாங்கி பார்லாவே என் சட்டையில் குத்தினாள். கண் சரியாகத் தெரியாததால் என்னையும் சேர்த்துக் குத்தினாள். ஊருக்கே கேட்கும்படி கத்தினேன். பிறகு கூடாரத்தில் வறுத்த சாசேஜும் பீரும், மேசை மேல் மணி, ஆளாளுக்கு அதை ஆட்டி ஆட்டி... இன்னும் காது இரைகிறது.

ஜூன் 12

கூர் நகர மருத்துவமனைக்கு பார்லாவை வைத்துக்கொண்டே போன் செய்தேன். கண் அறுவை சிகிச்சைக்கு ஜூலை 4 கொடுத்தார்கள்.

ஜூலை 4

அறுவை சிகிச்சை இருபது நிமிடம். நான் மூன்று காப்பி குடித்தேன்.

ஜூலை 7, வெள்ளி

பார்லா இன்று முதல்முறை கண்கட்டு இல்லாமல் என் வண்டியில். முன் இருக்கை. ஏறியதிலிருந்து வாய் மூடவில்லை. சாலைப் பலகை, கடைப் பெயர், தேவாலயக் கடிகாரம், எதிரே வரும் காரின் எண் என்று எல்லாவற்றையும் உரக்கப் படித்துக்கொண்டு வந்தாள். பின்னாலிருந்து ஒருவர், "பார்லா, எங்களுக்கும் படிக்கத் தெரியும்" என்றார்.

மேட்டு வளைவில் எதிர்மலை மேய்ச்சலைப் பார்த்துவிட்டு, "நிறுத்து! நாப்பத்தொரு பசு!" என்றாள்.

"நாப்பத்திரண்டு," என்றார் பின்னாலிருந்தவர்.

"நாப்பத்தொண்ணு. பாறைக்குப் பக்கத்துல இருக்கிறது பாறை."

எல்லோரும் ஜன்னல் பக்கம் வந்துவிட்டார்கள். நானும் வண்டியை ஒதுக்கி நிறுத்தி எண்ணினேன். நாற்பத்தொன்றுதான்.

மூன்று நிமிடம் தாமதம். பணிமனையில் காரணம் எழுத வேண்டும். 'பசுக்கள்' என்று எழுதினேன்.